அந்த ஒரு ஓட்டு

அண்ணி: ...ஜன்னலை விட்டு இப்படி வாங்க தம்பி. நீங்க எட்டிப் பாக்கப் பாக்க அவங்க குரல் ஏறுது.

கொழுந்தன்: என்னைப் பாத்து இல்ல அண்ணி. தலைவரம்மா எங்கன்னு கேக்கறாங்க.

அண்ணி: மெத்தை தச்சுக்கிட்டு இருக்காங்கன்னு சொல்லுங்க.

கொழுந்தன்: தைக்கிறவங்க எல்லாம் கேட்டுக்கு வெளிய உக்காந்திருக்காங்க. உள்ள இருக்கிறது பதினொரு தலைவருங்க.

அண்ணி: பதினொரு உறுப்பினர். தலைவர் இந்த வருஷம் நான் ஒருத்திதான். அடுத்த வருஷம் உங்க முறை. அப்ப தெரியும்.

கொழுந்தன்: வெளிய எத்தனை பேருன்னு எண்ணினீங்களா?

அண்ணி: பதினேழு. எண்ணவே வேண்டாம். தினக்கூலி அத்தனை பேரும் அங்கதான்.

கொழுந்தன்: முன் வரிசையில நடுவுல யாருன்னு...

அண்ணி: பாத்தேன்.

கொழுந்தன்: அட்டையைத் தலைக்கு மேல பிடிச்சிருக்காரு. வெயிலுக்கும் ஆச்சு, போராட்டத்துக்கும் ஆச்சு.

அண்ணி: உங்க அண்ணன் வெளிய இருந்தா எல்லாத்துலயும் கெட்டிக்காரர். வீட்டுல ஒரு பல்பு மாத்தச் சொல்லுங்க பாப்போம்.

கொழுந்தன்: சாப்பாடு குடுத்தனுப்பினீங்களே...

அண்ணி: திரும்பி வந்துடுச்சு.

கொழுந்தன்: பசி இல்லையாமா?

அண்ணி: முதலாளி வீட்டுச் சோறு வேண்டாமாம்.

கொழுந்தன்: முதலாளி வீடா! அது அவர் வீடும்தானே?

அண்ணி: சிரிக்காதீங்க. காலையில அதைச் சமைச்சதே அவருதான்.

கொழுந்தன்: சரி சரி. நோட்டீஸ் என்னாச்சு?

அண்ணி: அதுக்குத்தான் உங்களைக் கூப்பிட்டேன். ரெண்டு மணிக்கு கேட்டுல ஒட்டணும். நாளைக்கு ஹோட்டலுக்கு இருநூறு மெத்தை போகணும். இவங்க எழுந்து உள்ள வரலைன்னா, பதினேழு பேரையும் நிறுத்திட்டு வேற ஆள் எடுக்கறோம்னு எழுதணும்.

கொழுந்தன்: எனக்கு மெஷினைப் பிரிச்சுக் கோக்கத் தெரியும். மனுஷனை எப்படி வேலையை விட்டுத் தூக்கறதுன்னு எழுதத் தெரியாது.

அண்ணி: எழுத வேண்டாம். இதைப் பாத்துக் காப்பி பண்ணினா போதும்.

கொழுந்தன்: அண்ணி... இது பழைய முதலாளி நமக்கு ஒட்டின நோட்டீஸ்.

அண்ணி: இந்த அலமாரியிலயே இருந்துச்சு. நல்ல தமிழ். வக்கீலை வச்சு எழுதி வாங்கியிருக்கான்.

கொழுந்தன்: இதைக் கேட்டுலேர்ந்து கிழிச்சு எறிஞ்சதே நீங்கதான். அதுக்கப்புறம்தான் அந்த ஆள் பூட்டிட்டு ஓடினான். நாம பதினொரு பேரும் பூட்டை உடைச்சு, இனிமே இங்க முதலாளி கிடையாது, எல்லாரும் பங்காளின்னு...

அண்ணி: நான் கிழிச்சது ஒட்டின காப்பி. இது ஃபைல் காப்பி. படிங்க.

கொழுந்தன்: 'நாம் அனைவரும் ஒரே குடும்பம்...'

அண்ணி: அது இருக்கட்டும்.

கொழுந்தன்: நம்ம விஷயத்துல உண்மை வேற.

அண்ணி: கிண்டலை விட்டுட்டு மேல படிங்க.

கொழுந்தன்: 'சில வெளியாட்களின் தூண்டுதலால்...' வெளியாளுக்கு இப்ப எங்க போறது?

அண்ணி: அப்ப அந்த வாத்தியாரைச் சொன்னான்.

கொழுந்தன்: பாவம் மனுஷன். ஞாயித்துக்கிழமை தவறாம வந்து, முதலாளித்துவம் எப்படிப் பொறந்து வளந்துச்சுன்னு பலகையில படம் போட்டுக் காட்டுவாரு. நீங்க தூங்குவீங்க.

அண்ணி: தூங்கல. கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டேன். ஊருக்கெல்லாம் பொதுவா மேய்ச்சல் நிலம் இருந்துச்சு. நாலு பேர் வந்து வேலி போட்டாங்க. வேலிக்கு உள்ள நின்னவன் முதலாளி ஆனான், வெளிய நின்னவன் கூலி ஆனான். இதானே?

கொழுந்தன்: அச்சு மாறாம சொல்றீங்க. இப்ப நீங்க எந்தப் பக்கம் நிக்கறீங்க?

அண்ணி: நீங்க நிக்கற பக்கம்தான். கொஞ்சம் தள்ளி நில்லுங்க, காத்து வரட்டும்.

கொழுந்தன்: இதுக்கு மாத்து வழியும் நாலஞ்சு சொன்னாரு. சர்க்காரே எல்லாத்தையும் எடுத்து நடத்தறது ஒண்ணு. வேலை செய்யறவங்களே சேந்து நடத்தறது ஒண்ணு...

அண்ணி: முதல் வழியில எல்லாத்துக்கும் வரிசையில நிக்கணும்னு நீங்க பயந்தீங்க. அதனால ரெண்டாவதை எடுத்தோம். இப்ப பாருங்க, அவங்க வரிசையா உக்காந்திருக்காங்க.

கொழுந்தன்: பதினொண்ணுக்கு மேல ஆள் வந்தா என்ன பண்றதுன்னு அவர் சொல்லிக் குடுத்திருக்கலாம்.

அண்ணி: சொல்லியிருப்பாரு. அன்னிக்கு எல்லாருமே கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டிருப்போம்.

கொழுந்தன்: அண்ணன் இங்க வந்து நாலு வருஷம் ஆச்சு. இன்னமும் தற்காலிகம்.

அண்ணி: ஆர்டர் குறைஞ்சா என்ன பண்றது தம்பி? நிரந்தரமா வச்சுக்க யாருக்கு ஆசை இல்ல? நிலவரத்தைப் பாக்க வேண்டாமா?

கொழுந்தன்: குரல்கூட அந்த ஆள் மாதிரியே வருது.

அண்ணி: அவன் இந்த நாற்காலியில உக்காந்து பேசினான். நான் நின்னுக்கிட்டுப் பேசறேன்.

கொழுந்தன்: அதை நோட்டீஸ்ல சேத்துடுவோம். 'தலைவர் நின்றபடியே உங்களை நீக்குகிறார்.'

அண்ணி: என்னை மட்டும் ஏன் குத்தறீங்க? பதினேழு பேரையும் உறுப்பினரா சேக்கலாமா வேண்டாமான்னு நேத்து கூட்டம் போட்டு, ரகசிய ஓட்டுச் சீட்டு போட்டு முடிவு பண்ணினதுதானே?

கொழுந்தன்: அதுதான் எனக்குப் புரியவே மாட்டேங்குது. பதினொரு பேரும் எழுந்து சேக்கணும்னுதான் பேசினோம். பேக்கிங் அக்கா அழுதே விட்டாங்க. நீங்க பேசி முடிச்சதும் எவ்வளவு நேரம் கைதட்டினாங்க...

அண்ணி: நீங்க மட்டும் என்ன. 'என் அண்ணன் வெளிய நிக்கும்போது எனக்கு உள்ள எப்படிச் சோறு இறங்கும்'னு கேட்டீங்க. முதல்ல கைதட்டினதே நான்தான்.

கொழுந்தன்: ரெண்டு நாளா யோசிச்சு வச்சது அது.

அண்ணி: நல்லாத்தான் இருந்துச்சு.

கொழுந்தன்: அப்புறம் பாத்தா வேண்டாம்னு பத்து, சேக்கலாம்னு ஒண்ணு. பங்கு இருபத்தெட்டா உடையுமேன்னு கணக்குப் போட்டிருக்காங்க. வாய்ல பொதுவுடைமை, சீட்டுல தனியுடைமை. நீங்க தனியா எண்ணாம எல்லார் முன்னாடியும் எண்ணியிருந்தா, யார் யாருன்னு வெளிச்சமாகியிருக்கும்.

அண்ணி: தலைவர் தனியா எண்ணணும், எண்ணினதும் கிழிச்சுடணும். விதி போட்டதே நீங்கதான். முதல் வருஷம் எல்லார் முன்னாடியும் எண்ணி, டிக் போட்ட தினுசை வச்சே ஆளைக் கண்டுபிடிச்சுச் சட்டையைப் பிடிச்சது மறந்துடுச்சா?

கொழுந்தன்: என் சட்டை. எப்படி மறக்கும்?... அண்ணன் ஏதாவது கேட்டாரா?

அண்ணி: காலையில குக்கரை இறக்கி வச்சுட்டுக் கேட்டாரு. 'அந்த ஒண்ணு நீதானே'ன்னு.

கொழுந்தன்: நீங்க என்ன சொன்னீங்க?

அண்ணி: தலையாட்டினேன்.

கொழுந்தன்: நம்பினாரா?

அண்ணி: என் கையைப் பிடிச்சுக்கிட்டாரு. 'வெளிய உக்காந்து நான் என்ன கத்தினாலும் மனசுல வச்சுக்காதே, உன்னை இல்ல, அந்தப் பத்துப் பேரைத்தான் திட்டறேன்'னாரு. கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்துல அப்படி ஒரு பார்வை அவர் பாத்ததில்ல. இப்ப இந்த நோட்டீஸுக்குக் கீழ என் கையெழுத்தைப் பாத்தா... சாயங்காலம் வீட்டுக்கு வருவாரான்னு பயமா இருக்கு தம்பி. நிஜமாவே பயமா இருக்கு.

கொழுந்தன்: தலைவர்ங்கற முறையில போட்டேன், மனசுக்குள்ள உங்க பக்கம்தான்னு சொல்லுங்க. அந்த ஒரு ஓட்டு இருக்கே, அது காப்பாத்தும்.

அண்ணி: அதை நம்பித்தான் நின்னுக்கிட்டு இருக்கேன்.

கொழுந்தன்: ஆனா அண்ணி... நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது.

அண்ணி: சொல்லுங்க.

கொழுந்தன்: அண்ணன்கிட்ட நீங்களே வச்சுக்கங்க, நான் வாயைத் திறக்க மாட்டேன். ஆனா அந்த ஒரு ஓட்டு... நான் போட்டது.

அண்ணி: நீங்களா?

கொழுந்தன்: கூடப் பொறந்தவன் இல்லையா. மனசு கேக்கலை. நீங்க ஏன் வேண்டாம்னு போட்டீங்கன்னு நான் கேக்கவும் மாட்டேன்.

அண்ணி: கேக்காதீங்க... காலையிலேர்ந்து இந்த ரூமுக்கு ஒவ்வொருத்தரா வந்தாங்க தம்பி. பேக்கிங் அக்கா வந்தாங்க. கட்டிங் மாஸ்டர் வந்தாரு. மொத்தம் ஒம்பது பேர். எல்லாரும் கதவைச் சாத்திட்டு, 'யார்கிட்டயும் சொல்லாதீங்க, அந்த ஒண்ணு நான்தான்'னாங்க.

கொழுந்தன்: ஒம்பது பேருமா? கொஞ்சம்கூடக் கூச்சம் இல்லாம... என்ன ஜனங்க அண்ணி இவங்க?

அண்ணி: நீங்க பத்தாவது.

கொழுந்தன்: மத்தவங்க புளுகினா அதுக்கு நான் என்ன பண்றது? நீங்கதானே எண்ணினீங்க, அந்தச் சீட்டைப் பாத்திருப்பீங்களே? அடையாளம் தெரியக் கூடாதுன்னு இடது கையால, ஓரமா, சின்னதா ஒரு டிக்... என்ன அண்ணி அப்படிப் பாக்கறீங்க?

அண்ணி: பெட்டியில அப்படி ஒரு சீட்டே இல்ல தம்பி. பதினொண்ணும் வேண்டாம்தான், என்னோடதையும் சேத்து. உங்க அண்ணன் கேட்டா நான்தான்னு சொல்லிக்க ஒண்ணாவது வேணுமேன்னு, சேக்கலாம்னு ஒண்ணு விழுந்ததா நானாத்தான் சொன்னேன். பேனாவைக் குடுங்க.