ஈயத்துக்குப் பழகினவை

— றயன், உங்கடை அக்காவுக்குப் போனிலை கோல் எடுங்கோ. அந்தக் கிணத்துத் தண்ணியிலை பிள்ளைக்குப் பால்மாக் கரைக்க வேண்டாம் எண்டு சொல்லுங்கோ.

— என்ன விசர்க்கதை, அபி? முழுக் கோப்பாயிலையும் ரேச்சல் அக்காவின்ரை கிணறுதான் நல்ல தண்ணி.

— அதிலை ஈயம் கிடக்கு.

— ஆர் சொன்னது?

— கிருமியள். சிரியாதேங்கோ. ஆய்வுகூடத்திலை ஈயம் கலந்த தட்டுகளிலை மண் போட்டுப் பாத்தனான். மற்ற வளவு மண்ணிலை இருந்த கிருமியெல்லாம் செத்துப்போச்சு. மச்சாளின்ரை கிணத்தடி மண் மட்டும் தட்டு முழுக்க வளர்ந்திட்டுது.

— நல்லதுதானே. உயிருள்ள மண்.

— இல்லையப்பா. கனகாலம் நஞ்சுக்குள்ளை கிடந்து பழகினதுதான் அப்பிடித் தப்பும். பிறகு தண்ணியையும் சோதிச்சனான். பின்வளவிலை முந்திப் பழைய கார்ப் பற்றறி உருக்கினவையெல்லே, அந்த ஈயம்.

— ஐயோ, அக்காவின்ரை பிள்ளைக்கு இரத்தம் குறைவெண்டு நேற்றுத்தானே டொக்டர் சொன்னவர்! உமக்கு எப்ப தெரியும்?

— முதல் அக்காவுக்குக் கோல் எடுங்கோ, பிறகு சொல்லுறன்.

— அபி, உம்மைத்தான் கேக்கிறன்.

— நத்தார்ப் பண்டிகைக்கு முதல்.

— நாலு மாசம் ஆச்சு, உயிர்த்த ஞாயிறும் முடிஞ்சு போச்சு! அண்டைக்கு அக்கா வீட்டிலை அந்தப் பிள்ளையை மடியிலை வைச்சுக் கொஞ்சினீரே!

— அப்பிடி ஈயம் தாங்கிற கிருமி இஞ்சை இன்னும் ஒருத்தரும் பிரிச்செடுக்கேல்லை. சொன்னால் கிணத்தை இறைச்சு மூடிப்போடுவினம் எண்டு பயந்தன். ஆராய்ச்சிக் கட்டுரை முடியட்டும், பிறகு சொல்லுவம் எண்டு… ஒவ்வொரு ஞாயிறும் கோயிலிலை மச்சாளுக்குப் பக்கத்திலை நிண்டு கீதம் படிச்சனான், றயன்.

— ஆனால் அக்காவின்ரை தண்ணி வேண்டாம், கடைத் தண்ணி வாங்குங்கோ எண்டு எனக்குச் சொன்னீர். மாசமாய் இருக்கிற வயித்துக்கு ஒத்துவரேல்லையாம்.

— ஓம். என்ரை வயித்திலை கிடக்கிறதை நினைச்சன், அந்தப் பிள்ளையை நினைக்கேல்லை. நல்லா ஏசுங்கோ.

— தன்ரை கிணறு இருக்கத் தம்பி கடையிலை தண்ணி வாங்கிறான் எண்டு கேள்விப்பட்டால் அக்கா உடைஞ்சு போவா, அபி. அதாலை, கடைத் தண்ணி எண்டு உமக்குத் தந்த போத்திலெல்லாம் ஒவ்வொரு முறையும் அக்காவின்ரை கிணத்திலைதான் நிரப்பிக்கொண்டு வந்தனான்.