நீங்க எந்த எஸ்டேட்?

எனக்கு ஒரு மடத்தனமான பழக்கம் உண்டு. மலேசியத் தமிழர்களில் பலரும் ரப்பர் எஸ்டேட்டிலிருந்து வந்தவர்கள் என்பதால், புதிதாக ஒரு தமிழ் முகத்தைப் பார்த்தால், "நீங்க எந்த எஸ்டேட்?" என்று கேட்காமல் இருக்க முடியாது. அன்று குளுவாங் பஸ்ஸிலும் வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் முன் இருக்கைப் பெண், பக்கத்திலிருந்த கணவரைக் காய்ச்சத் தொடங்கிவிட்டார்.

"ஆன்லைன் கேம்ல முகம் தெரியாதவன் ஒருத்தன் பிள்ளைகிட்ட பேசறான். நீங்க பக்கத்துல உக்காந்து சிரிச்சுக்கிட்டு இருந்திருக்கீங்க!"

"நல்லா தமிழ்ல பேசினான்லா. எந்த எஸ்டேட், யார் மகன்னு மரியாதையா கேட்டான். நம்ம ஆளுன்னு நினைச்சேன்."

"பத்து வயசுப் பிள்ளை, ரெங்கத்துல வீடு, அம்மாவுக்கு நைட் ஷிப்ட்னு எல்லாத்தையும் சொல்லிருச்சு. நேத்து போட்டோ அனுப்புங்கறான்!"

"பிளாக் பண்ணிட்டல்ல?"

"பண்ணிட்டேன். இப்ப போலீஸ்ல புகார் கொடுக்கப் போறோம்ல, அங்க நீங்க சிரிச்சதையும் சேத்துச் சொல்லுங்க. இனிமே கேம் விளையாடறது வீட்டு ஹால்லதான். மைக் கிடையாது. கூடப் படிக்கிற பிள்ளைங்களோட மட்டும்தான். நீங்களும் பக்கத்துல இருங்க, சிரிக்காம!"

கணவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இறங்கும்போது அந்தப் பெண்ணின் பை என் முழங்காலில் இடித்தது. "சாரி அங்கிள்" என்றார்.

இவ்வளவையும் கேட்ட பிறகும் என் பழக்கம் என்னை விடவில்லை.

"பரவாயில்லைம்மா. நீங்க எந்த எஸ்டேட்?"

"உங்களுக்கு எதுக்கு?"