வடிவமைத்தவர் பெயர்

எங்கள் வடிவமைப்புத் துறையில் ஒவ்வொரு ஜூன் மாதமும் ஆசிரியர்கள் தங்கள் ஆய்வு ஆர்வங்களையும் கற்பிக்கும் பாடங்களையும் நாலு வரியில் எழுதித் தர வேண்டும். இணையதளத்தில் போடுவார்கள். பெரும்பாலானவர்கள் போன வருடத்து வரிகளையே தருவார்கள். நானும் அப்படித்தான்.

இந்த வருடம் ஆஸ்லினின் பக்கத்தைப் படித்தேன். ‘கடலில் இறங்கும் பெண்களுக்கான மிதவை அங்கி: ஆய்வும் வடிவமைப்பும்.’ அவள் பாம்பன் பெண். என்னிடம் முனைவர் பட்டம் முடித்து, எங்கள் துறையிலேயே உதவிப் பேராசிரியராகச் சேர்ந்தவள். கடல்பாசி எடுக்க முங்கும் பெண்களுக்காக அந்த அங்கியின் முதல் படத்தை வரைந்தது நான். காற்றுப் பைகளின் பசையைக் கடைசியில் மாற்றச் சொன்னதும் நான். நடுவில் நான்கு வருடம் அவள் அந்தப் பெண்களோடு உட்கார்ந்து வெட்டினாள், தைத்தாள், பிரித்துத் திரும்பத் தைத்தாள். அது உழைப்பு. வடிவமைப்பு வேறு. அவள் பக்கத்தில் என் பெயர் ஓர் இடத்திலும் இல்லை.

நான் சண்டை போடவில்லை. ஒரு வாளி கடல்நீரில் காற்றுப் பை ஒன்றை ஊறப்போட்டேன். குறை தேடினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். முக்கால் மணி நேரத்தில் ஒட்டு விட்டது. நான்கு பைகளில் பார்த்தேன், நான்கும் அப்படியே. புதுப் பசையை அவள் நீச்சல் குளத்து நல்ல தண்ணீரில்தான் சோதித்திருந்தாள்.

ஆகஸ்டில், கடலில் முதல் சோதனைக்கு என்னையும் கூப்பிட்டாள்.

“ஸார், நீங்க ஒருக்க பாத்துச் சொல்லிட்டா எனக்கு நிம்மதி. எங்க சின்னம்மாதான் போட்டுக்கிட்டு இறங்குறாக.”

சின்னம்மா அற்புதம்மாள் முப்பது வருடமாகப் பாசி எடுப்பவர். வாரை இறுக்கிக்கொண்டே கேட்டார்:

“ஸாரு, இதெ நம்பிப் பவளப்பாருக்கு அங்கிட்டுப் போகலாமா? அங்கன நீரோட்டம் இழுக்கும். இத்தன வருசத்துல நாங்க போனதில்ல.”

“தாராளமாப் போங்கம்மா,” என்றேன்.

பவளப்பாரைத் தாண்டிப் போனார். மறுநாள் உடல் குந்துகால் கரைப் பக்கம் ஒதுங்கியது. அங்கி உடம்பிலேயே இருந்தது, பைகள் வாய் பிளந்து, தண்ணீர் நிறைந்து.

ஒரு வாரத்தில் ஆஸ்லினின் பக்கத்தை நீக்கினார்கள். எனக்கு நல்ல தூக்கம் வந்தது.

விசாரணைக் குழுவில் அவள் என்னைக் காட்டிக்கொடுப்பாள் என்று பதில்களோடு காத்திருந்தேன். அவள் தலை நிமிரவே இல்லை.

“பசையும் என் முடிவுதான். ஸாருக்கு இதுல ஒண்ணும் இல்ல.”

என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னாள் என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இரண்டாவது முறையும் அவள் என் பெயரை விட்டுவிட்டாள்.

அதனால்தான், இன்ஸ்பெக்டர் ஸார், நானாக வந்தேன். ஒட்டு விடும் என்று தெரிந்தேதான் அந்த அம்மாவை அனுப்பினேன். அதை எந்த இடத்தில் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அங்கியை வடிவமைத்தவர் ச. அருள்முருகன் என்பது முதல் வரியில் வர வேண்டும். பெயருக்கு முன்னால் ‘முனைவர்’ என்று போட மறந்துவிடாதீர்கள்.