நீர் ஏறும் அறை

நாற்காலி கொடுத்ததற்கு நன்றி. எனக்கு முதுகுவலி உண்டு. உட்கார்ந்தே எழுதுகிறவர்களுக்கு வருவதுதான்.

நான் எழுதுவது சாகசக் கதைகள். பாதாளச் சுரங்கம், முகமூடிக் கொள்ளையர், பள்ளத்தாக்கின் மேல் கயிற்றில் தொங்கும் நாயகன் என்று ஒரு காலத்தில் மலிவுத்தாளில் சக்கைப்போடு போட்டவை. அவற்றுக்கு மறுபடி உயிர் கொடுக்க ஒரு பத்திரிகை வந்தது. அதன் ஆசிரியை என் அத்தியாயத்தைப் படித்துவிட்டு, "உங்க ஆளு மூழ்கிச் சாகப்போறான். எனக்குக் கொட்டாவி வருது சார்" என்றார். நியாயமான பேச்சு. மூழ்குகிறவன் குரலை நான் கேட்டதே இல்லை.

என் தங்கையின் கணவன் குழாய் வேலை செய்பவன். ஆள் வாட்டசாட்டம், மனசு குழந்தை. என் நாயகன் எப்படிக் கட்டவிழ்ப்பான், எந்தச் சுவரிலிருந்து குதிப்பான் என்பதையெல்லாம் எனக்காகச் செய்து காட்டுவான். மூடிக்கிடந்த சாயப்பட்டறையில் தரைக்கடியில் ஒரு தண்ணீர்த்தொட்டி இருப்பதைக் கண்டுபிடித்தவனும் அவன்தான்.

"நான் இறங்குறேன் மச்சான். தாழ்ப்பாளும் போடுங்க, இல்லேன்னா பயம் வராது. நெஞ்சு வரைக்கும் தண்ணி வந்ததும் தட்டுறேன். கதையில என்னை அழகா காட்டணும், சொல்லிட்டேன்."

வெளியே நல்ல வெயில். இரும்பு மூடியைத் தாழிட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டு, மூடிமேல் காதை வைத்துப் படுத்தேன்.

முதலில் பாடினான். பிறகு தட்டினான். திறக்கத்தான் போனேன், தாழ்ப்பாளில் கைகூட வைத்துவிட்டேன். அப்போது அவன் குரல் மாறியது. கூட்டத்தில் அம்மாவைத் தொலைத்த பிள்ளையின் குரல் அது.

"மச்சான், விளையாடாதீங்க. கால் எட்டலை."

அவன் நகங்கள் இரும்பைப் பிராண்டுவது என் கன்னத்துக்கு நேர் கீழே அதிர்ந்தது. அந்த அதிர்வில் என் பற்களும் கிடுகிடுத்தன. அதுவரை நான் எழுதியதில் ஒரு சொல்கூடப் பயம் இல்லை என்று புரிந்தது. இன்னும் ஒரே ஒரு வரி கேட்டுவிட்டுத் திறந்துவிடலாம் என்றிருந்தேன்.

திறந்தபோது கேட்பதற்கு ஒன்றுமில்லை.

தனியாக வேலைக்கு இறங்கியவன் வழுக்கி விழுந்துவிட்டான் என்று எல்லோரும் நம்பினார்கள். தங்கையைக் கட்டிக்கொண்டு நானும் அழுதேன். அது நடிப்பில்லை.

அத்தியாயம் வெளிவந்தது. "படிச்சிட்டுக் குளியலறைக் கதவைச் சாத்தவே பயமா இருக்கு சார்" என்றார் ஆசிரியை. தங்கையும் படித்தாள்.

"அண்ணா, கதையில அவன் பொண்டாட்டியைச் சுண்டெலின்னு கூப்பிட்டு அழறான். அவர் என்னை அப்படிக் கூப்பிடறது எங்க ரெண்டு பேருக்குத்தான் தெரியும். நீ எங்க கேட்ட?"

அவள் நேராக உங்களிடம் வந்திருப்பாள். அதில் எனக்கு வருத்தமில்லை. தாழிட்டது நான், தண்ணீரைத் திறந்தது நான், எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். கொலை என்ற சொல்லை மட்டும் எடுத்துவிடுங்கள். அவள் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டாள் போலிருக்கிறது. கடைசிப் பத்தியில் மூடி திறக்கிறது. மூச்சிரைக்க அவன் வெளிச்சத்துக்கு வருகிறான். அவனைக் காப்பாற்றியது நான்தான்.