ஏழாம் நம்பர் வெட்டிய எக்ஸ்ரே

"ஹலோ... மச்சான், ஷெட்லதானே இருக்க? ...அந்தக் கம்ப்ரஸரை நிறுத்து, ஒண்ணும் கேக்கல. ...ம், ம். டாக்டரைப் பாத்துட்டேன். ...சளி இல்லடா."

லாரிகளுக்குப் பெயின்ட் அடித்தே நாற்பத்தாறு வயதைத் தொட்டவன், ஆஸ்பத்திரி நடையில் சுவரோரம் ஒண்டி நின்றான். நகக்கண்ணில் நேற்று அடித்த பச்சை போகவில்லை.

"நுரையீரல்ல ஒரு பொட்டு இருக்காம். வெள்ளையா, சட்டைப் பொத்தான் அளவு. கேன்சராவும் இருக்கலாம்னு... ஏய், நீ ஏன் அழற? எனக்குத்தானே வந்திருக்கு. ...கேளு. பழைய டிபி தழும்பும் இப்படியேதான் தெரியுமாம். எட்டு வருஷம் முன்னாடி மாத்திரை முடிச்சதும் ஒரு எக்ஸ்ரே எடுத்தோமே... ஆமா, ஆமா. அதுல இதே பொட்டு இதே அளவுல இருந்தா தழும்புதான்னு நம்பலாமாம். இல்லேன்னா நாளைக்கே ஊசி விட்டுச் சதை எடுக்கணுங்கறார். ...வீட்டுல எங்க இருக்கு? ஷெட்லதான். லாரியில நம்பர் அடிக்க அதை ஸ்டென்சிலா வெட்டிட்டேன்."

எதிர்முனை வசை முடியும்வரை காத்திருந்தான்.

"திட்டியாச்சா? கெட்டியான பிலிமாச்சே, யாரு கேக்கப் போறான்னு வெட்டிட்டேன். ஆணியில தொங்குற பிலிம் கட்டை எடு. ஓரத்துல என் பேரு இருக்கும். ...அது யாரோ டிரைவரோட கால் எலும்புடா, எனக்கு நெஞ்சுல ரெண்டு முட்டி எதுக்கு? அடுத்தது. ...மேல பெயின்ட் அப்பியிருக்கும், தின்னர் போட்டுத் துடை. மெதுவா. ...ஜன்னல்ல பிடி. வலது பக்கம், மேல. ...என்ன வெட்டியிருக்கு?"

அப்படியே தரையில் உட்கார்ந்தான்.

"ஏழா. ...பொட்டு இருந்த இடத்துலயே கத்தியை விட்டேனா? வெட்டி விழுந்த துண்டை அன்னைக்கே கூட்டித் தள்ளியாச்சு மச்சான்... என்ன? ...ஏழோட கால் ஓரத்துலயா? விலா எலும்பைப் பாத்துட்டு உளறாத. ...வட்டமா? ...பாதி வட்டம். மீதியை நான் வெட்டிட்டேன். ...உன் சட்டைப் பொத்தானை அது மேல வை. ...சொல்லுடா, ஒத்து வருதா? ...ஒத்து வருதா?"

கை தானாகத் தன் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டது.

"அதே அளவா? சரி... சரி. எடுத்துட்டு வா. மடிக்காத, சுருட்டாத, பஸ்ல வா. டாக்டர் கண்ணால பாக்கட்டும். ...இன்னிக்கு லாரிக்கு ஏழு வேணுமா? கையால எழுதுடா."

போனை வைத்தான். பொத்தானை விடவில்லை.