சிவப்புப் பெருக்கல் குறி

உமிழ்நீர் எடுப்பதற்கு முன் அரை மணி நேரம் தேநீர் குடிக்கக் கூடாது. பல்லும் துலக்கக் கூடாது. ஈறில் கசியும் ரத்தம் அளவைக் கெடுத்துவிடும். பெம்பான் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்துப் பெண்கள் இதைச் சீக்கிரமே கற்றுக்கொண்டார்கள். திலகவதிதான் சிரித்துக்கொண்டே கேட்டாள்: “டாக்டர் அக்கா, எங்க எச்சில கொண்டுபோய் சம்பலா அரைக்கப் போறீங்க?”

கல்யாணமாகிப் பல வருடம் கழித்து அவளுக்குத் தரித்த கரு. அப்போது இரண்டாம் மாதம்.

ஐயா, நீங்கள் போலீஸ்காரர், எளிமையாகவே சொல்கிறேன். பயம் வந்தால் மூளை, சிறுநீரகத்தின் மேல் தொப்பிபோல் உட்கார்ந்திருக்கும் சுரப்பிக்குச் சொல்லி அனுப்பும். அது கார்டிசோலைச் சுரக்கும்; உமிழ்நீரில் அதை அளக்கலாம். தப்பி ஓட அது நல்லது. ஆனால் பயம் வாரக்கணக்கில் நீடித்தால், கருவைத் தாங்கும் ஹார்மோன்களை உடல் அடக்கத் தொடங்கும். குடியிருக்க இடமில்லாதபோது பிள்ளை எதற்கு என்று அது நினைக்கிறது. உடல் முட்டாளில்லை.

என் அம்மா முனியாயி ரெம்பியா பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவினார். நிலம் கைமாறியதும் மேனேஜர் எங்கள் லயத்து வீட்டுச் சுவர்களில் சிவப்புப் பெருக்கல் குறி போட வைத்தார். இடிக்கப்போகும் வீடு என்று அர்த்தம். தோட்டத்தில் பிறந்த எவருக்கும் அது தெரியும். அந்த மாதமே அம்மாவின் வயிற்றிலிருந்த தம்பி போய்விட்டான். ‘உடம்பு பலவீனம்’ என்று சொல்லி ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த இரண்டு சொல்லைத்தான் இத்தனை வருடமாக மென்றுகொண்டிருக்கிறேன். மேனேஜர் மேல் வழக்கில்லை. இப்படி ஒரு நாற்காலியில் உட்கார வைத்து அவரை யாரும் கேட்கவில்லை.

ஆய்வுக்கூடத்தில் முதலில் ஆடுகள். சினையாட்டின் கொட்டகைக்கு வெளியே ஒரு நாயைக் கட்டினால் போதும். நாய் தொடவே வேண்டாம், கரு கலைந்துவிடும். ஆனால் பெண்களைப் பற்றி எழுதியபோது ஆய்விதழ்கள் திருப்பி அனுப்பின. பயம் வருவதற்கு முந்தைய அளவு எங்கே என்று கேட்டார்கள். கேள்வி நியாயமானது, அதுதான் என் ஆத்திரம். மேனேஜர் எந்த நாளில் குறி போட வருவார் என்று யார் முன்கூட்டிச் சொல்வார்கள்?

அதனால் முந்தைய அளவை எடுத்து முடித்துவிட்டு, ஜாசினில் ஒரு டின் சிவப்புப் பெயின்ட் வாங்கினேன். ஒரு ஞாயிறு, தோட்டமே டவுனில் கல்யாணத்துக்குப் போயிருந்தபோது, குலுக்கலில் விழுந்த வீடுகளுக்கு மட்டும் குறி போட்டேன். குலுக்கல் முக்கியம். பிடித்தவர், பிடிக்காதவர் என்ற பேதம் வந்துவிடக் கூடாது. குலுக்கலில் திலகவதியின் வீடும் விழுந்தது. நான் மாற்றவில்லை.

மறுநாள் என் காரைக் கண்டதும் ஓடி வந்தாள்.

“அக்கா, செவுத்துல செகப்பு போட்டுட்டாங்க லா. ஆபீஸ் கிராணிகிட்ட கேட்டா தெரியாதுங்கிறாரு. தெரியாமயா வந்து போடுவான்? எங்களுக்குன்னு வர்ற படிச்சவங்க நீங்க ஒருத்தர்தான். கொஞ்சம் பேசுங்கக்கா.”

“பேசறேன்மா. மொதல்ல இதுல துப்பு.”

அதன்பிறகு அவள் சரியாகத் தூங்கவில்லை. கரு தங்கவில்லை. அவளுடைய அளவைப்போல் தெளிவான ஒன்றை நான் வாழ்நாளில் பார்த்ததில்லை.

அவள் கணவன் கவிநேசன்தான் உமிழ்நீர்க் குப்பிகளை வைக்கும் என் ஐஸ் பெட்டியின் பிடியில் காய்ந்திருந்த சிவப்பைப் பார்த்தான். “இது எங்க செவுத்துல உள்ளதாச்சே, டாக்டர்?” என்றான். அதுவரை அக்கா என்று கூப்பிட்டவன். நான் மறைக்கவில்லை. உட்கார வைத்து, ஆட்டிலிருந்து தொடங்கிப் பொறுமையாக விளக்கினேன். இனி எந்த ஆஸ்பத்திரியும் நம் பெண்களிடம் ‘உடம்பு பலவீனம்’ என்று சொல்ல முடியாது என்றேன். சுரப்பி வரைக்கும்கூட அவன் கேட்கவில்லை. எழுந்துபோய் உங்களைக் கூட்டி வந்துவிட்டான்.

குறி போட்டது நான்தான், ஐயா. எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் சிவப்பைக் கண்டாலே குலைநடுங்கும்படி இவர்களை ஆக்கியவர்கள் அந்த மேனேஜர்கள். அவர்களைப் போய்ப் பிடியுங்கள். நான் அளந்தேன், அவ்வளவுதான்.

திலகவதியைப் பார்த்தால் சொல்லுங்கள்: இந்த வாரத்து உமிழ்நீர் இன்னும் வரவில்லை. பல் துலக்காமல் தரச் சொல்லுங்கள்.