கண்ணாடி தெளிந்தால் போச்சு

இருதயம்: உப்பு மூட்டையும் வெச்சுப் பாத்தேன் சார். கடியாரம் காயல, உப்புதான் கரைஞ்சுது. டிக்கெட் வாங்க வந்தவங்க தலையில சொட்டுச்சு.

சிவசம்பு: பிறகு வறுத்த அரிசி வைச்சீரெல்லோ?

இருதயம்: எலி தின்னுட்டுப் பெண்டுலத்துல ஏறி ஆடுது.

சிவசம்பு: பெண்டுலம் ஆடுதோ?

இருதயம்: எலி ஏறினா ஆடும்... எறங்கினாலும் ஆடும் சார். ஆடும்.

சிவசம்பு: சுண்ணாம்புக்கல்?

இருதயம்: ஈரத்தைக் குடிச்சு வீங்கிப் பையே கிழிஞ்சிருச்சு. என் நெத்தி பூரா வெள்ளை. வேதக்கார டிக்கெட் கிராணி எப்பத்துலேர்ந்து திருநீறு பூசுறாருன்னு ஒரு அம்மா கேட்டுச்சு.

சிவசம்பு: சிரிக்காதையும். துரையின்ரை கடிதத்தைக் கேளும். ‘மூன்று மாதமாக நிலையக் கடிகாரத்தின் கண்ணாடியில் உட்புறம் நீர் படிந்து, பயணிகள் மணி அறியாது அல்லலுறுகின்றனர். இன்று நேரில் வருவேன். குற்றம் எவருடையதோ, அவர் பகாங் காட்டு நிலையத்துக்கு மாற்றப்படுவார்.’

இருதயம்: காட்டுக்கா...

சிவசம்பு: ஸ்டேஷன் மாஸ்டர் நான். கிராணி நீர். ரெண்டு பேரிலை ஒருத்தர்.

இருதயம்: அதான் போர்ட்டர் தம்புசாமி, பிரிக்பீல்ட்ஸ் சூளையிலேர்ந்து சுடச்சுட ரெண்டு செங்கல்லைக் கோணியில சுத்திக் கொண்டாந்தான். கடியாரத்தோட கீழ்க் கதவத் தொறந்து உள்ள வெச்சிட்டும் போயிட்டான்.

சிவசம்பு: நீரோ சொன்னனீர்?

இருதயம்: நான் ஏன் சார் சொல்றேன்... நீங்க சொன்னதா நெனச்சேன்.

சிவசம்பு: நான் சொல்லேல்லை. அவன் நல்லவன். நல்லவங்களாலைதான் கரைச்சல்.

இருதயம்: சார், ஓரத்துல தெளியுது. பன்னெண்டு தெரியுது.

சிவசம்பு: அவ்வளவு சூடு கூடாது. கண்ணாடி வெடிக்கும். கல்லை எடும்.

இருதயம்: அதையேதான் நானும் சொல்ல வந்தேன்... ஸ்ஸ்... கை பொசுங்குது.

சிவசம்பு: கோணியோடை பிடிச்சு இழும்.

இருதயம்: கோணி கருகிக் கையோட வருது. கல்லு வர மாட்டேங்குது.

சிவசம்பு: இப்ப மூண்டும் தெரியுது.

இருதயம்: வண்டி ஊதுது சார். கிள்ளான் வண்டி.

சிவசம்பு: துரை அதிலைதான்.

இருதயம்: சார்... கடியாரத்தப் பாக்காதீங்க. அந்தப் பக்கம் திரும்பிக்கிங்க.

சிவசம்பு: நீரும் பாக்காதையும்.

இருதயம்: நான் ஏன்... சரி, சொல்லிர்றேன். மூணு மாசத்துக்கு முன்னால சாவி குடுக்கறப்ப பெரிய முள்ள ஒடிச்சிட்டேன். யாருக்கும் தெரியக் கூடாதுன்னு கீழ ஈரத் துணியத் திணிச்சேன். அப்புறம் சாவியே குடுக்கல.

சிவசம்பு: ம்.

இருதயம்: புதுசா கல்யாணம் ஆனவன் சார். பெர்னடெட் காட்டுக்கெல்லாம் வர மாட்டா. எழுதிக் குடுத்துறாதீங்க.

சிவசம்பு: ஒரு துணி மூண்டு மாசம் காயாமல் கிடக்குமோ, இருதயம்?

இருதயம்: நானும் யோசிச்சேன்... மாதா கிருபைன்னு நெனச்சேன்.

சிவசம்பு: மாதா இல்லை, நான். உம்முடைய பெரிய முள்ளைப் பொருத்தப் போய்ச் சின்ன முள்ளையும் ஒடிச்சுப்போட்டன்; அப்ப தொடக்கம் நாள் தவறாமல் அந்தத் துணியை நனைக்கிறன். ஓடும், பிளாட்பாரத்திலை துரையைப் பேச்சுக் குடுத்து மறியும்... கல்லு சூடாத்தான் கிடக்கு, ஒரு வாளி தண்ணி ஊத்தினால் கண்ணாடியிலை நல்லா ஆவி பிடிக்கும்.